கேட்டு எடுத்த படங்கள்

என் போனில் படங்களுக்கு இடமில்லாமல் போய்விட்டது. அலுவலகக் கூட்டங்கள், தங்கச்சியின் பிறந்தநாள், மழைக்கு முன் கறுத்து நின்ற வயல், அம்மா தேங்காய் துருவுவது என்று எல்லாம் கிடக்கின்றன. அந்த அக்காவின் படம் மட்டும் இல்லை. முரசுமோட்டையிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் எத்தனையோ பேரின் முகத்தை எடுத்தவர் அவர். அவருடைய முகம் எங்கும் இல்லை.

பெயரையும் எழுதப்போவதில்லை. எழுதட்டுமா என்று முதலில் கேட்டிருக்க வேண்டும். கேட்பதற்கு, இத்தனை வருடம் கழித்து அவர் எங்கே இருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. எங்கள் பக்கத்தில் எல்லாரும் அவரைப் படக்கார அக்கா என்றார்கள். அதுவே போதும்.

முதன்முதலில் அவரைப் பார்த்தது பள்ளிக்கூடத்தில். சாதாரண தரப் பரீட்சைக்கு அடையாள அட்டை வேண்டும், அட்டைக்குப் படம் வேண்டும். வகுப்பறைச் சுவரில் ஒரு நீலத் துணியைக் கட்டி, அதற்கு முன்னால் ஒரு கதிரையைப் போட்டு வைத்திருந்தார். மெலிந்த உருவம், கழுத்தில் கனமான கமரா. வெயிலில் வந்த முகம் இன்னும் சிவந்திருந்தது. ஒவ்வொரு பிள்ளையும் கதிரையில் வந்து இருந்ததும் கமராவை உயர்த்துவதற்கு முன் கேட்பார்.

"எடுக்கட்டோ?"

பிள்ளை தலையாட்டினால் போதாது. ஓம் என்று வாயால் சொல்லவேண்டும். வரிசை நகரவே இல்லை. வகுப்பாசிரியருக்குப் பொறுமை போய்விட்டது.

"பிள்ளை, நீர் இப்பிடிக் கேட்டுக்கொண்டு நிண்டா பள்ளிக்கூடம் விட்டிடும். அரசாங்கம் கேக்கிற படம். எடும்."

"அரசாங்கத்துக்குத்தான் குடுக்கப்போறன் சேர். முகம் இவையின்ரைதானே."

பிள்ளைகள் சிரித்தார்கள். ஆசிரியரும் சிரித்துவிட்டு வெளியே போனார். என்னுடைய முறை வந்தது. எங்கள் குடும்பத்தில் அந்தப் பரீட்சை வரை வந்த முதல் ஆள் நான். அம்மா என் வெள்ளைச் சட்டையைத் தோய்த்து, இஸ்திரிக்கைப் பெட்டி இல்லாததால் பாயின் கீழே மடித்து வைத்து, அதன்மேல் படுத்து எழும்பியிருந்தார். அந்தச் சட்டையோடு நான் கதிரையில் நிமிர்ந்து இருந்தேன். எடுக்கட்டோ என்று அக்கா கேட்டபோது எனக்குப் பதில் வரவில்லை. அதுவரை என்னை ஒருவரும் எதற்கும் கேட்டதில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஓம் என்றேன். இன்றைக்கும் என் அடையாள அட்டையில் அந்த ஓம் அப்படியே இருக்கிறது. வாய் அரைவாசி மூடியபடி.

படம் எடுப்பதுதான் அவருடைய சீவியம். கமரா வெளிநாட்டில் இருக்கும் மாமா ஒருவர் பாவித்துவிட்டு அனுப்பியது. ஒரு பழைய ஸ்கூட்டி இருந்தது. கலியாணவீடு, சாமத்தியவீடு, பள்ளிக்கூடம் என்று போவார். ஆனால் அவருக்குக் கூடுதலாக உழைப்புத் தந்தவர்கள் ஊரைவிட்டுப் போனவர்கள்தான். கனடாவிலும் சுவிஸிலும் இருந்து குரல்செய்தி வரும். எங்கட கோயிலடியை எடுத்து அனுப்பும் தங்கச்சி. வாய்க்கால் கட்டில ஒரு மருதமரம் நிண்டது, நிக்குதோ எண்டு பாரும். நான் குளிச்ச மதகு. நான் விழுந்த கிணறு.

ஒருவர் மழை வருவதற்குச் சற்று முன் வயலில் விழும் மஞ்சள் வெளிச்சம் வேண்டும் என்று கேட்டிருந்தார். அது வேறு ஒன்றும் இல்லை, வெறும் வெளிச்சம். அக்கா அதற்காக மாரி தொடங்கும் நாட்களில் பின்னேரம் பின்னேரமாக வாய்க்கால் கட்டில் போய் இருந்தார். நான் ரியூசன் முடிந்து சைக்கிளில் வரும்போது பார்ப்பேன். வானம் ஒரு பக்கம் இருண்டு, மறுபக்கம் சூரியன் கீழே இறங்கி, நெற்பயிரின் நுனிகள் மட்டும் எரிவதுபோல் நிற்கும். அவர் கமராவை மடியில் வைத்துக்கொண்டு, நித்திரையும் விழிப்பும் இல்லாத முகத்தோடு இருப்பார். ஒருநாள் சைக்கிளை நிறுத்தி அவருக்குப் பக்கத்தில் நின்றேன். எங்களுக்கு முன்னால் ஒரு கொக்கு நின்றது. அதைப் பார்த்து மெதுவாக, எடுக்கட்டோ, என்றார்.

"கொக்குக்கு என்ன விளங்கும் அக்கா?"

"பறக்கேல்லைத்தானே. ஓம் எண்டுதான் சொல்லுது."

கொக்கு அப்போதே பறந்துவிட்டது. அவர் கமராவைத் திரும்ப மடியில் வைத்தார்.

இந்தப் பழக்கத்தால் அவர் இழந்தவை கொஞ்சம் இல்லை. என்னோடு படித்த பிள்ளை ஒருத்தி பெரியபிள்ளையானதற்கு வைத்த சாமத்தியவீட்டில் நடந்ததை நான் நேரில் பார்த்தேன். தாய்மாமன் சுவிஸிலிருந்து வந்திருந்தார். பெரிய மண்டபம், பெரிய சோடனை. பிள்ளையைப் பொம்மைபோல் உடுத்தி மேடையில் நிறுத்தியிருந்தார்கள். அக்கா கேட்டார், எடுக்கட்டோ என்று. பிள்ளை, வேண்டாம், என்றாள். அக்கா கமராவை மூடிவிட்டு மேடைப் படியில் குந்தியிருந்து ஒரு வடையைச் சாப்பிடத் தொடங்கினார்.

மாமன் ஓடிவந்தார். "காசு தாறது நாங்கள். அவளைக் கேட்டு என்ன? எடும்."

"அவ வேண்டாமாம் அண்ணை."

"பிறகென்னத்துக்கு உமக்குக் காசு?"

"அதுதான் வடையை மட்டும் எடுத்தனான்."

சுற்றி நின்ற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பிறகு ஒரு மாமி மேலே போய்ப் பிள்ளையிடம் என்ன என்று கேட்டார். தலையில் பூட்டியிருந்த சடைநாகம் காலையிலிருந்து மயிரைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்ததாம். கேட்பார் இல்லாததால் சொல்லவில்லையாம். அதைத் தளர்த்திவிட்டதும், இப்ப எடுங்கோ அக்கா, என்றாள். அந்தப் படங்கள் நல்ல வடிவாக வந்தன. ஆனால் அந்தக் குடும்பத்தின் அடுத்த விசேஷத்துக்கு வவுனியாவிலிருந்து வேறு ஆட்களைப் பிடித்தார்கள்.

எங்கள் வீட்டுக்கு அவர் வந்தது நான் உயர்தரம் படிக்கும்போது. வீடு என்றால் வீடு இல்லை, தகரக் கொட்டில். அது நின்ற காணி எங்களுடையதும் இல்லை. மலைநாட்டுத் தோட்டங்களை விட்டு வன்னிக்கு வந்த சனங்களின் பிள்ளைகள் என் அம்மாவும் அப்பாவும். அப்பா ஒருவருடைய வயலில் வேலைக்கு நின்றார். வளவின் மூலையில் இருந்துகொள் என்று அந்தக் காணிக்காரர் வாயால் சொல்லிவிட்டுக் கனடாவுக்குப் போய்விட்டார். அதன்பிறகு போர். அப்பா இல்லாமல் அம்மாவும் தங்கச்சியும் நானும் முகாமிலிருந்து திரும்பி வந்தபோது வளவில் கிணறு மட்டும் இருந்தது. அம்மா ஒரு தறப்பாளைக் கட்டித் தொடங்கினார். தென்னம்பிள்ளைகளை நட்டார், ஆடு வளர்த்தார், கூலிக்குப் போனார், எங்களைப் படிக்க அனுப்பினார். எங்கள் பெயரில் உறுதிப்பத்திரம் இல்லாத காணி என்பதால் வீட்டுத்திட்டத்தில் எங்கள் பெயர் ஏறவே இல்லை.

அக்கா ஸ்கூட்டியைப் படலையோடு நிறுத்திவிட்டு உள்ளே வந்தார். எதையும் மறைக்கவில்லை.

"அம்மா, கனடாவில இருக்கிற காணிக்காரர் இந்த வளவைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னவர். வயலோட சேத்து விக்கப்போறாராம். எடுக்கட்டோ?"

முற்றம் கூட்டிக்கொண்டு நின்ற அம்மா தும்புத்தடியைக் கீழே வைக்கவில்லை.

"வித்தா நாங்க எங்க போறது?"

"அது எனக்குத் தெரியாதம்மா."

"அப்ப வேணாம் புள்ள."

"சரி அம்மா."

கமராவின் மூடியைப் போட்டார். அம்மா அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். சண்டைக்கு எடுத்த மூச்சு அவருக்குள் அப்படியே நின்றுவிட்டது.

"அவ்வளவுதானா?"

"ஓம்."

"காணி அவருதுதான? என்னைய எதுக்குக் கேக்குற?"

"காணி அவரின்ரை. நிக்கிறது நீங்கள்."

அம்மா தும்புத்தடியைச் சாத்திவிட்டுத் தேத்தண்ணி வைக்கப் போனார். அன்றைக்கு அந்தத் தேத்தண்ணியோடு அம்மா சொன்ன கதை நான் அதுவரை கேளாதது. தன்னை வாழ்நாளில் படம் எடுத்தது முகாமில் பதிவு செய்தபோது மட்டும்தானாம். நெஞ்சுக்கு நேரே இலக்கம் எழுதிய அட்டையைப் பிடிக்கச் சொன்னார்களாம். "எடுத்தாங்க. எடுத்தப்பொறகு வேலிக்கு வெளிய விடல. படம்னா எனக்கு அதான் புள்ள."

அக்கா தேத்தண்ணியைக் குடித்து முடித்தார். கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுப் போனார்.

அடுத்த கிழமையும் வந்தார். எடுக்கட்டோ என்று கேட்டார். வேணாம். சரி. அதற்கடுத்த கிழமையும் அப்படியே. வரும்போது ஆட்டுக்குக் கிளுவங்குழை முறித்துக்கொண்டு வருவார். ஒருநாள் அவர் எங்கள் வளவில் இருக்கும்போதே காணிக்காரரின் அழைப்பு வந்தது. போனைக் காதில் வைத்தாலும் அந்தக் குரல் எங்களுக்குக் கேட்டது.

"தங்கச்சி, உமக்கு நான் எத்தினை தரம் சொல்லுறது? ஒரு நாள் வேலை. உமக்கு ஏலாதெண்டாச் சொல்லும், வேற ஆளைப் பாக்கிறன். இஞ்ச எனக்குத் தெரிஞ்ச ஆக்களுக்கும் சொல்லிவிடுறன்."

"அம்மா இன்னும் ஓம் எண்டு சொல்லேல்லை ஐயா."

"எந்த அம்மா?"

அந்தக் கேள்வி எங்கள் முற்றத்தில் விழுந்து கிடந்தது. அம்மா ஆட்டுக்குக் குழையை வைத்துக்கொண்டு குனிந்தே நின்றார்.

காணிக்காரர் சொன்னதைச் செய்தார். வெளிநாட்டு அழைப்புகள் குறைந்தன. அந்த நாட்களில்தான் அக்கா என்னை நாயாற்றுக் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஒரு தொண்டு நிறுவனத்துக்குக் கடற்கரைப் பெண்ணொருத்தியின் படம் வேண்டுமாம், துக்கமாக இருக்கவேண்டுமாம். நல்ல காசு. விடியற்காலையில் வெளிக்கிட்டோம். பாலத்தில் நின்று பார்க்கும்போது களப்பும் கடலும் வானமும் ஒரே சாம்பல் நிறமாக ஒன்றுக்குள் ஒன்று கரைந்திருந்தன. ஒரு வள்ளம் தண்ணீரில் போகிறதா காற்றில் போகிறதா என்று சொல்ல முடியாமல் இருந்தது. கரையில் ஒரு பெண் வலையிலிருந்து மீன் கழற்றிக்கொண்டிருந்தார். அக்கா தன் வேலையைச் சொல்லி, துக்கமாக வேண்டுமாம் என்பதையும் சொல்லி, எடுக்கட்டோ என்று கேட்டார்.

அந்தப் பெண் எங்கள் இருவரையும் ஏற இறங்கப் பார்த்தார்.

"இண்டைக்கு நல்ல மீன் பிள்ளை. அழுகை வராது. சிரிச்சாக் காணாதோ?"

அக்கா சிரித்த படத்தைத்தான் எடுத்தார். நிறுவனம் அதை எடுக்கவில்லை. திரும்பி வரும்போது ஸ்கூட்டியின் பின்னாலிருந்து நான் கேட்டேன். "அக்கா, எங்கட அம்மா கடைசி வரைக்கும் வேண்டாம் எண்டாலோ?"

"வேண்டாம்தான்."

"வேற ஆள் வந்து எடுத்துக்கொண்டு போகுமே."

"ஓம். அந்த ஆள் கேக்காது." கொஞ்சத் தூரம் போனபின், "நீ அம்மாவுக்குச் சொல்லு. நான் சொன்னா வற்புறுத்தின மாதிரி இருக்கும்," என்றார்.

நான் சொன்னேன். அம்மா கிணற்றில் வாளியை விட்டபடி நின்றுவிட்டார். தண்ணீர் அள்ளவும் இல்லை, கயிற்றை விடவும் இல்லை. பிறகு சொன்னார்.

"அந்தப் புள்ளய வரச் சொல்லு. எடுக்கட்டும். ஆனா நான் அதுல நிப்பேன்."

அக்கா பின்னேரம் வந்தார். வெயில் தென்னைகளின் ஊடாகச் சாய்ந்து விழுந்தது. முற்றம் முழுக்கப் பொன்னிறப் புழுதி. அம்மா தன் சேலைகளில் நல்லதை உடுத்தித் தென்னையின் கீழே போய் நின்றார். எடுக்கட்டோ என்று அக்கா கேட்டார். எடு, என்றார் அம்மா. கமரா மேலே போனதும் அம்மாவின் இரண்டு கைகளும் தாமாக உயர்ந்து நெஞ்சுக்கு நேரே வந்து நின்றன. விரல்கள் ஒரு அட்டையின் விளிம்பைப் பிடிப்பதுபோல் மடிந்திருந்தன. முகம் செத்துப்போயிருந்தது.

அக்கா கமராவை இறக்கினார்.

"கையில என்ன அம்மா?"

அம்மா குனிந்து தன் கைகளைப் பார்த்தார். ஒன்றும் இல்லாத அந்த இடத்தை மூவரும் பார்த்தோம். அம்மா கைகளைக் கீழே போட்டார். மறுபடி கமரா உயர்ந்தது, மறுபடி கைகளும் உயர்ந்தன. அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது, தன் கைகளோடு.

"இரு புள்ள," என்று சொல்லிவிட்டுக் கொட்டிலின் பின்னால் போனார். வரும்போது பிறந்து சில நாளான ஆட்டுக்குட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். "கை சும்மா இருந்தாத்தான அது வருது. இப்ப எடு."

குட்டி சும்மா இருக்கவில்லை. காலை உதைத்தது, அம்மாவின் காதைச் சப்பியது. "ஏய், சனியனே," என்று அம்மா சிரித்தார். அந்தச் சிரிப்பிலேயே படம் விழுந்தது. பின்னால் கிணறும் கொட்டிலும் தென்னை வரிசையும், அவற்றுக்கு அப்பால் வயலும் இருந்தன. காணிக்காரர் கேட்டவை எல்லாம் அதில் இருந்தன. கேட்காதவையும் இருந்தன.

அக்கா முற்றத்திலேயே நின்று அனுப்பினார். காணிக்காரரின் குரல்செய்தி பிறகொருநாள்தான் வந்தது. அதைக் கொண்டுவந்து எங்களுக்குப் போட்டுக் காட்டினார்.

"தங்கச்சி, நான் கேட்டது இதில்லையே. வாங்கிற ஆளுக்கு ஆளில்லாத காணி எண்டு சொல்லிப்போட்டன். இப்ப இந்தப் படத்தை என்னெண்டு காட்டுறது?" கொஞ்ச நேரம் மூச்சுச் சத்தம். "அந்த மனிசி ஏன் ஆட்டுக்குட்டியைத் தூக்கி வைச்சிருக்கிறா?"

அக்கா அம்மாவின் பக்கம் திரும்பினார். "சொல்லட்டோ?"

"நானே சொல்றேன். குடு."

போனை இரண்டு கையாலும் வாய்க்குக் கிட்டப் பிடித்துக்கொண்டு அம்மா பேசினார்.

"ஐயா, கையில ஒண்ணும் இல்லாம நின்னா எனக்கு முகாம் ஞாபகம் வருதுங்க. அதுக்குத்தான் குட்டி. கெணறு நீங்க கட்டுனது, தூர் எடுத்தது நாங்க. தென்ன நான் வச்சது. ஒங்க காணி, விக்கிறதுன்னா வித்துக்கங்க. ஆளில்லன்னு மட்டும் சொல்லிறாதீங்க."

அதன்பிறகு நீண்ட நாள் ஒன்றும் வரவில்லை. படலைச் சத்தம் கேட்டாலே அம்மா எழும்பி நிற்பார். வயலில் தண்ணீர் கட்டினார்கள், பயிர் முழங்கால் உயரம் வந்தது, குட்டிக்குக் கொம்பு அரும்பியது. ஒருநாள் பரந்தனில் இருக்கும் காணிக்காரரின் உறவினர் ஒருவர் வந்து எங்களைக் கிளிநொச்சிக்கு, சட்டத்தரணியிடம், வரச்சொன்னார். வயலை விற்றாயிற்று. கொட்டிலும் கிணறும் தென்னையும் இருக்கும் மூலையை விட்டுத்தான் விற்றிருக்கிறார். அந்த மூலையை அம்மாவின் பெயருக்கு எழுதச் சொல்லியிருந்தார்.

"ஆளில்லை எண்டு சொல்ல வாய் வரேல்லையாம்," என்றார் வந்தவர், அது தனக்கே விளங்காத விஷயம்போல. "படத்தைப் பாத்தாப் பிறகு."

அம்மா கைநாட்டு வைத்தார். பக்கத்தில் சாட்சியாக நின்று கையெழுத்து வைத்தவர் அக்கா. என்னுடைய நாட்டம் முழுக்க அந்த உறுதியில் இருந்தது. ஒவ்வொரு வரியையும் அம்மாவுக்கு நானே உரத்து வாசித்தேன். எங்கள் குடும்பத்துக் காணியின் உறுதியை எங்கள் குடும்பத்து ஆளே வாசித்தது அன்றைக்குத்தான்.

அந்தப் படத்துக்குரிய காசு மட்டும் வரவில்லை. கேட்ட படம் இது இல்லை என்று அவர் சொன்னது நியாயம்தானே, என்றார் அக்கா. அம்மா விடவில்லை. படத்தில் நின்ற அதே ஆட்டைப் பிடித்துக் கயிற்றை அக்காவின் கையில் கொடுத்தார்.

"நீ ஒழைச்சது. கொண்டு போ."

அக்கா ஆட்டின் முன்னால் குந்தியிருந்து அதன் முகத்தைப் பார்த்தார். "வாறியோ?"

ஆடு கத்தியது. அம்மாவும் நானும் சிரித்துக்கொண்டிருக்க, அவர் அதை ஸ்கூட்டியின் கால்வைக்கும் இடத்தில் ஏற்றினார். அப்போதுதான் சொன்னார், வவுனியாவில் ஒரு ஸ்டூடியோவில் வேலை கிடைத்திருக்கிறது என்று. ஆடு அக்காவின் அம்மாவுடன் நிற்கும். ஊரில் இனி இந்தத் தொழிலால் சீவிக்க முடியாது.

"அங்க ஆக்கள் தாங்களாப் படம் எடுக்க வருவினம். கேக்கத் தேவையில்லை," என்றார். பிறகு, "எண்டாலும் கேப்பன்," என்றார்.

அது பனி விழும் காலம். வாய்க்கால் கட்டு பாதிக்குமேல் தெரியவில்லை. மருதமரங்கள் வேரில்லாமல் மிதப்பதுபோல் நின்றன. ஸ்கூட்டியில் அவரும் முழங்காலுக்கு நடுவே ஆடும். என்னிடம் அப்போது தங்கச்சியும் நானும் மாறி மாறிப் பாவிக்கும் ஒரு போன் இருந்தது. அதை எடுத்து உயர்த்தினேன். உயர்த்தியபின் நினைவு வந்து கேட்டேன்.

"எடுக்கட்டோ அக்கா?"

அவர் முடுக்கப்போன கையை எடுத்தார். அந்தக் கேள்வியை யாரும் தன்னிடம் கேட்டதில்லை என்பதுபோல் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். நான் கதிரையில் வெள்ளைச் சட்டையோடு பதில் வராமல் பார்த்ததும் அப்படித்தான் இருந்திருக்கவேண்டும்.

"வேண்டாம் பிள்ளை," என்றார். "வடிவாப் பார்."

நான் போனை இறக்கினேன். அவர் ஸ்கூட்டியை முடுக்கிப் பனிக்குள் போனார். ஆட்டின் காதுகள் இரண்டும் காற்றில் பின்னால் மடிந்திருந்தன, அவருடைய தலைமயிர் அவிழ்ந்து தோளில் அடித்தது, கமராப் பை முதுகில் ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது. மருதமரம் வரைக்கும் தெரிந்தார். அதற்கப்பால் வெள்ளையாக இருந்தது. நான் வடிவாகப் பார்த்தேன்.